வருஷம் முழுக்க ஓடிய ஒரு நாள் தண்ணீர்

பழி வாங்கியவர்களுக்குத் தூக்கம் வராது என்று கோயில் பிரசங்கங்களில் சொல்லுவார்கள். சொல்கிறவர்கள் யாரையும் பழி வாங்கிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். நான் வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு நன்றாகவே தூங்கினேன். தூக்கம் வராமல் புரண்டு கிடந்ததெல்லாம் அதற்கு முன்னால்தான்.

எண்பதுகளின் கடைசி வருஷங்களில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆய்வு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, மேலே நாங்கள். மத்தியானமானால் கருவாட்டுக் குழம்பின் வாசனை மாடிப்படி ஏறிக் கணினி அறைவரை வந்துவிடும். நான் கெமிஸ்ட்ரி படித்தவள். கிள்ளானிலிருந்து காலையில் பஸ் பிடித்து, கோலாலம்பூரில் இறங்கி, மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேருவேன். ஆறும் ஓடையும் எங்கிருந்து கெட்டுப்போகின்றன என்று கண்டுபிடித்துச் சொல்வது எங்கள் வேலை.

அந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஓடையில் ஓடுவது ஓரிடத்துத் தண்ணீர் இல்லை. மேட்டில் பெய்த மழை, செம்பனைத் தோட்டத்துக் கால்வாய், வீட்டுச் சாக்கடை, தொழிற்சாலைக் குழாய் எல்லாம் கலந்ததுதான் அது. அந்த நிலம் முழுவதையும் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் எவ்வளவு மழை விழும், அது எவ்வளவு வேகத்தில் ஓடும், ஓடும்போது எதையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும் என்று கணக்குப் போட்டுக் கணினிக்குள் ஒரு பொய் ஓடையை ஓடவிடுவோம். அதற்குப் பெயர் மாடல். பொய் ஓடையில் ஓடுவது வெளியே நிஜ ஓடையில் அளந்ததோடு ஒத்துப்போனால், எந்தத் துண்டு குற்றவாளி என்று விரல் நீட்டலாம். நாங்கள் முக்கியமாகத் தேடியது பாஸ்பரஸை. அது உரத்தில் இருக்கும், சாணத்தில் இருக்கும், சோப்புத் தூளில் இருக்கும். தேங்கிய தண்ணீரில் அது கொஞ்சம் கூடினால் போதும், பாசி பச்சைப்பசேலென்று மூடி, பிறகு அழுகி நாற ஆரம்பித்துவிடும்.

அலுவலகம் டாக்டருடையது. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, இங்கிலாந்தில் நீரியல் படித்துப் பட்டம் வாங்கியவர். தமிழர்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, கான்வென்ட் வாசனையில் வளர்ந்து, வீட்டிலும் ஆங்கிலம் பேசுகிற குடும்பம். வெயில் எப்படி அடித்தாலும் டை கட்டுவார். மாடலை எழுதியது நான், அட்டையில் பெயர் அவருடையது. அதில் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் காலத்தில் எல்லா அலுவலகத்திலும் அப்படித்தான்.

ஆனால் என்னை அவர் ‘பால்காரி’ என்று கூப்பிடுவார். “பால்காரி வந்தாச்சா? கணினிக்குத் தீனி போட்டாச்சா?” என்று வருகிறவர் போகிறவர் முன்னால் கேட்டுச் சிரிப்பார். காரணம், என் அம்மா மாடு வளர்க்கிறவள். கிள்ளானில் ஓர் ஓடைக்கரையில் பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் மாட்டுக் கொட்டகை போட்டுப் பிழைத்தன. சுற்றியிருந்தவர்கள் அந்த இடத்தை மாட்டுக் கம்பம் என்பார்கள், கம்பம் என்றால் மலாயில் கிராமம். அப்பா போன பிறகு என்னைக் காலேஜ்வரை தூக்கிவிட்டது அம்மாவின் மாடுகள்தான். விடியலில் அம்மா கறப்பாள், நான் பள்ளிக்கூடச் சீருடையோடு சைக்கிளில் போய்ப் பால் ஊற்றிவிட்டு வருவேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இருந்ததில்லை. அவர் சொன்ன விதத்தில்தான் நாற்றம் இருந்தது.

ஒரு வருஷம் எங்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. கிள்ளானில் ஒரு வீடமைப்பு நிறுவனம் ஓர் ஓடையை மறித்து, அலங்கார ஏரி ஒன்றை உண்டாக்கி, அதைச் சுற்றிப் பங்களாக்கள் கட்டியிருந்தது. ஏரி பச்சையாகிவிட்டது. வீடு பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார்கள். எந்தப் பாவி ஏரியைக் கெடுக்கிறான் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், இதுதான் வேலை. ஓடை எங்கள் ஓடை. ஏரிக்கு மேலே மாட்டுக் கம்பம். அதற்கும் மேலே, பெரிய மதில் சுவருக்குப் பின்னால் ஒரு ரப்பர்ப் பால் தொழிற்சாலை.

ஓடையில் மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு மாதாமாதம் தண்ணீர் எடுத்தேன். தொழிற்சாலைக்குக் கீழே ஓரிடம், கம்பத்துக்குக் கீழே ஓரிடம், ஏரி வாயில் ஓரிடம். பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் போட்டு, லாபுக்குக் கொடுப்பேன். அந்தத் தை மாதம் நான் பொங்கலுக்கு லீவு போட்டேன். மாட்டுக்காரர்கள் வீட்டில் பொங்கல் என்றால் முதல் நாள் பேருக்குத்தான், இரண்டாம் நாள்தான் எங்களுடையது. நான் இல்லாததால் டாக்டர் தானே தண்ணீர் எடுக்கப் போனார். அது எனக்குத் தெரியாது.

மாட்டுப் பொங்கலன்று மாட்டுக் கம்பம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். மற்ற நாட்களில் ஒரு மாடும் ஓடைக்குள் இறங்காது. கொட்டகையிலேயே வாளித் தண்ணீரில் கழுவிக் கட்டிவிடுவோம். சாணியை உலர்த்தி மூட்டை பிடித்துவிடுவோம், சீனர்களின் காய்கறித் தோட்டங்களிலிருந்து லோரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். சாணியை ஓடையில் விட எங்களுக்கு என்ன பைத்தியமா? ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் எல்லாம் தலைகீழ். கம்பத்து மாடுகள் அத்தனையும் ஓடைக்குள் நிற்கும். ஆளுக்கொரு தேங்காய் நார், ஆளுக்கொரு சோப்புத் தூள் பொட்டலம். வருஷத்து அழுக்கெல்லாம் அன்றைக்குத்தான் போகும். கொட்டகைத் தரையைச் சுரண்டி, சாணிக்குழியைக் கழுவி, அந்தத் தண்ணீரையும் வாய்க்காலில் தள்ளிவிடுவோம். ஓடை மத்தியானம்வரை நுரைத்துக்கொண்டு ஓடும்.

நான் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு எங்கள் செவலையின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாலத்தின் மேல் கார் நின்றது. டை கட்டிய ஒருவர் இறங்கி, கயிற்றில் பாட்டிலைக் கட்டி, எங்களுக்குக் கீழே நுரையோடு போகிற தண்ணீரில் விட்டு எடுத்தார். யாரென்று பார்த்தால் டாக்டர். என்னைப் பார்த்துவிட்டார். நான் கையை உயர்த்தினேன். அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

“யாருடி அது?” என்றாள் அம்மா.

“எங்க பாஸ்.”

“கூப்பிட வேண்டியதுதானே. பொங்கச் சோறு சாப்பிட்டுட்டுப் போவாருல்ல.”

லீவு முடிந்து போன அன்றே சொன்னேன். “சார், நீங்க எடுத்த தண்ணி மாட்டுப் பொங்கல் தண்ணி. அத கணக்குல சேர்க்க முடியாது.” அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “உங்க ஆளுங்க தினமும் அப்படித்தானம்மா செய்யறாங்க. எனக்குத் தெரியாதா?” என்றார். உங்க ஆளுங்க! அவருடைய தாத்தாவும் கப்பலில் வந்தவர்தான், வேறெங்கிருந்தோ குதித்துவிடவில்லை. சரி, லாப் ரிப்போர்ட் வந்தால் தானே புரிந்துகொள்வார் என்று விட்டேன்.

லாப் ரிப்போர்ட் வந்தது. பாஸ்பரஸ் வானத்தைத் தொட்டது. அதைப் பார்த்ததும் டாக்டரின் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த ஓர் அளவை எடுத்து, வருஷம் முழுக்க ஓடையில் ஓடும் தண்ணீரோடு பெருக்கிவிட்டார். அதாவது எங்கள் மாட்டுப் பொங்கலை முந்நூற்றறுபத்தைந்து நாளும் கொண்டாட வைத்துவிட்டார். நான் எடுத்த மற்ற அளவுகளை ‘ஒத்துவராதவை’ என்று ஒதுக்கினார். நான் எழுதிய மாடலில், என் கண் முன்னால், மாட்டுக் கம்பம் என்ற துண்டைச் சிவப்பாக்கினார்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு வரைபடம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். “சார், பாருங்க. சாணி தரையில கிடக்கறது. மழ பெஞ்சாத்தான் அது ஓடைக்கு வரும். அப்ப மழ நாள்ல பாஸ்பரஸ் ஏறணும், இல்லையா? நான் எடுத்த ஒவ்வொரு தடவையும் மழ நாள்ல தண்ணி கூடி, கலந்து இறங்கியிருக்கு. வெயில் நாள்ல ஏறியிருக்கு. மழையும் வெயிலும் பாக்காம ஒரே மாதிரி ஊத்திக்கிட்டு இருக்கற ஏதோ ஒண்ணு இருக்கு சார். அது குழாய். கம்பத்துக்கு மேலேயே தண்ணி கெட்டுத்தான் வருது. ரப்பர்ப் பால சுத்தம் பண்ண பாஸ்பேட் உப்பு கலப்பாங்க. அந்தத் தண்ணிய எங்க விடறாங்கன்னு பாத்தீங்களா?”

அவர் வரைபடத்தை இரண்டாக மடித்து என்னிடமே கொடுத்தார். “பால்காரி மக மாட்டுக்குத்தான் வக்கீல் வேல பாப்பா. சயின்ஸ்ல ஜாதி பாக்காதம்மா” என்று சிரித்தார். கூட இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தத் தொழிற்சாலைக்கும் அவர் வேறொரு வேலை செய்துகொடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். கழிவறைக்குள் போய்ச் சுவரில் கையால் குத்தினேன். கை வீங்கியது, சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அறிக்கை நிறுவனத்துக்குப் போனது. அவர்களுக்கு ஒரு கல்லில் இரண்டு மாங்காய். ஏரியைக் கெடுப்பவன் கிடைத்துவிட்டான், கம்பத்து நிலத்தில் இரண்டாம் கட்ட வீடு கட்டவும் ஒரு சாக்கு கிடைத்தது. நிலம் எங்கள் பெயரில் இல்லை. யார் பெயரில் என்று நாங்கள் ஒருபோதும் கேட்டதும் இல்லை. தூய்மைக்கேடு காரணமாகக் கொட்டகைகள் அகற்றப்படும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஓடித் திரிந்தோம், அரசியல்வாதிகள் வீட்டு வாசலில் நின்றோம். எல்லோரும் அந்த அறிக்கையைக் காட்டினார்கள். “படிச்சவங்க, டாக்டர் பட்டம் வாங்கினவங்க, அதுவும் நம்ம தமிழரு எழுதியிருக்காருல்ல, அண்ணே” என்று ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னதை நான் நின்று கேட்டேன்.

மாடுகளைப் பந்திங்கிலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டார். லோரியில் பலகை சாய்த்து ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். செவலை ஏற மாட்டேன் என்று அம்மாவின் பக்கமே திரும்பித் திரும்பி வந்தது. கடைசியில் அம்மாவே முன்னால் ஏறினாள், அது பின்னால் ஏறியது. அம்மா மட்டும் இறங்கி வந்தாள். லோரி போன பிறகு கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அழவில்லை. “அந்த டை கட்டினவன்தானே? பாலத்து மேல நின்னவன்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “சோறு சாப்பிடக் கூப்பிடணும்னு சொன்னேன் பாரு” என்றாள். அன்றைக்குத்தான் நான் முடிவு பண்ணினேன்.

வேலையை விட்டுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். விட்டுவிட்டு வெளியே நின்று கல் எறிவதால் யாருக்கு என்ன? பக்கத்தில் இருந்தால்தான் கழுத்து எட்டும். நான் விடவில்லை. அவர் பால்காரி என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டு “சார்” என்றேன். மனதுக்குள் ஒவ்வொரு நாளும் கறுவிக்கொண்டே இருந்தேன். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். தானாகக் குடிப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, வாயைப் பிளந்து புகட்டிவிட ஓர் ஆள் வேண்டும்.

மாடல்காரனின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்று மாடல்காரிக்குத் தெரியும். நடந்து முடிந்ததை விளக்குகிறவரை எவனும் மாட்ட மாட்டான். ஓர் எண்ணைத் தள்ளி ஓர் எண்ணைச் சேர்த்து எதையும் ஒத்துப்போக வைத்துவிடலாம். இனி என்ன நடக்கும் என்று எழுதிக் கொடுத்தால்தான் மாட்டுவான். கொட்டகைகளை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு, நிறுவனம் ஏரியைத் தொடர்ந்து கண்காணிக்கும் வேலையையும் எங்களுக்கே கொடுத்தது. டாக்டர் அதற்கான கடிதத்தில் ‘ஏரி படிப்படியாகத் தெளிய வாய்ப்பு உண்டு’ என்று எழுதியிருந்தார். அந்த ‘வாய்ப்பு உண்டு’ இருக்கிறதே, அது ஓடித் தப்பிக்க வைத்த பின்கதவு. எனக்கு அந்தக் கதவைச் சாத்த வேண்டியிருந்தது.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். இவர் பாடிக் கறக்கிற ஜாதி. “சார், மே பீ, மே பீன்னு எழுதினா நம்ம மாடல்ல நமக்கே நம்பிக்க இல்லன்னு நெனப்பாங்க சார். நீங்க இங்கிலாந்துல படிச்சவரு. லோக்கல் ஆளுங்க மாதிரி பயந்து எழுதலாமா?” என்றேன். டையைத் தடவிக்கொண்டார். ‘ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஏரி தெளிந்துவிடும்’ என்று மாற்றினார். நான் இன்னும் கொஞ்சம் பாடினேன். அடுத்த வருஷம் பாஸ்பரஸ் எப்படி இறங்கும் என்று ஒரு கோடு வரைந்து சேர்த்தால் இன்னும் அழகாக இருக்கும் என்றேன். அவரே அளவைச் சொன்னார், நான் வரைந்தேன். அழகான கோடு அது, மாடிப்படி இறங்குவது போல இறங்கியது. அதன் கீழே அவர் கையெழுத்துப் போட்டபோது பேனாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு எனக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மாதாமாதம் போய் அதே மூன்று இடத்தில் பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன், அவ்வளவுதான். மாட்டுக் கம்பம் இருந்த இடத்தில் லாலான் புல் முளைத்துவிட்டது. ஒரு மாடு இல்லை, ஒரு மூட்டைச் சாணி இல்லை. ஓடை மட்டும் அப்படியே இருந்தது. வெயில் நாளில் பாஸ்பரஸ் ஏறியது, மழை நாளில் இறங்கியது, முன்பு எப்படியோ அப்படியே. ஒவ்வொரு லாப் ரிப்போர்ட் வரும்போதும் எனக்கு நாக்கில் தேன் தடவினாற்போல் இருக்கும். டாக்டரிடம் கொண்டுபோய் வைப்பேன். “நிலத்துல பழைய சாணம் இருக்கும்மா. நேரம் எடுக்கும்” என்பார். “ஆமா சார்” என்பேன். மழைக்காலம் வந்தது, போனது. ஏரி முன்னைவிடப் பச்சையானது. மீன் செத்து மிதந்தது.

நிறுவனம் எங்களைக் கூப்பிட்டது. ஏரிக்கரையில் அவர்களுடைய விற்பனை அலுவலகம், கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டிக் குட்டிப் பங்களாக்கள் வைத்த கூடம். ஏர்கான் ஓடியும் ஏரியின் நாற்றம் உள்ளே வந்தது. சீனர் ஒருவர், அவர்தான் டைரக்டர். பக்கத்தில் அவர்களுடைய எஞ்சினியர், மலாய்க்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். டாக்டர் ஸ்லைடு போட்டு அரைமணி நேரம் பேசினார். டைரக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: மாடு போய்விட்டது, ஏரி ஏன் இன்னும் பச்சையாக இருக்கிறது?

டாக்டர் ஸ்லைடு கருவியை அணைத்தார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, தண்ணீர் எடுப்பது இந்த உதவியாளர், எடுக்கும் முறையில் தவறு இருக்கலாம், விசாரிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மனதின் ஓர் ஓரத்தில் பாவம் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. எழுந்து என் வரைபடத்தை மேசையில் விரித்தேன். மாடு இருந்த வருஷம் ஒரு கோடு, மாடு இல்லாத வருஷம் ஒரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. அதன் மேல் டாக்டர் கையெழுத்துப் போட்ட கோடு, தனியாகக் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. மழையில் இறங்கி வெயிலில் ஏறுவதைக் காட்டினேன், குழாயைப் பற்றிச் சொன்னேன். எஞ்சினியர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

“அப்படியானால் அறிக்கையில் இருக்கும் அந்தப் பெரிய அளவு எங்கிருந்து வந்தது?” என்று மலாயில் கேட்டார் எஞ்சினியர்.

நான் டாக்டரைப் பார்த்துத் தமிழில் கேட்டேன். வேண்டுமென்றேதான் தமிழில் கேட்டேன். “சார், அந்தப் பாட்டில் என்னைக்குப் பிடிச்சது? அன்னைக்கு என்ன நாள்னு நீங்களே சொல்லுங்களேன்.”

“ஷட் அப்” என்றார், வாயைத் திறக்காமலே.

என்ன கேட்டாள் என்று எஞ்சினியர் கேட்டார். அந்த நாள் என்ன நாள் என்பதை டாக்டர் விளக்குவார், அவரும் தமிழர்தான், அவருக்கு நன்றாகத் தெரியும் என்று மலாயில் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொன்னால் என்ன தமிழன், என்ன ஆய்வாளன்? தெரியும் என்று சொன்னால் தெரிந்தே செய்த மோசடி. டையைத் தளர்த்தினார். இங்கிலாந்தில் படித்த அந்த வாயால், திக்கித் திணறி, அது இந்தியர்களின் ஒரு பெருநாள், ஹாரி லெம்பு மண்டி, மாடு குளிக்கிற நாள் என்றார். டைரக்டர் புருவத்தைத் தூக்கினார்.

“வருஷத்துக்கு எத்தனை தடவை?” என்று கேட்டார் எஞ்சினியர்.

டாக்டர் ஸ்லைடுப் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார்.

“செகாலி” என்றார். ஒரு தடவை.

எஞ்சினியர் அறிக்கையைத் திருப்பிப் பெருக்கல் இருந்த பக்கத்தைக் கண்டுபிடித்து, டைரக்டர் முன்னால் தள்ளி, விரலை வைத்துக் காட்டினார். டைரக்டர் படித்துவிட்டுக் கோப்பை மூடினார். டாக்டரின் காது நுனிவரை சிவந்திருந்தது. ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்கும்போது ஒன்று கீழே விழுந்தது. குனிந்து தேடினார். என் காலடியில்தான் கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு வேலை வரவில்லை. இந்தத் தொழிலில் கிள்ளான் பள்ளத்தாக்கு என்பது ஒரு சின்னக் கம்பம், ஓரிடத்தில் சிரித்தால் எல்லா இடத்திலும் கேட்கும். ஹாரி லெம்பு மண்டி டாக்டர் என்றே அவருக்குப் பெயர் வந்துவிட்டது. பரப்பியது யார் என்று கேட்காதீர்கள். அடுத்த வருஷமே பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தை மூடினார். வீட்டுக் குழாயில் மாட்டுகிற தண்ணீர் வடிகட்டியை விற்கும் கம்பெனியில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் பிரிக்பீல்ட்ஸ் சாலையில் பையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் சாலையைக் கடந்து மறுபக்கம் போனார். நானும் கடந்து மறுபக்கம் போனேன். “சார், நல்லா இருக்கீங்களா? வியாபாரம் எப்படிப் போகுது லா?” என்றேன். பையைக் கை மாற்றிக்கொண்டு நடந்தார். டை மட்டும் இன்னும் கட்டியிருந்தார்.

எஞ்சினியர் ஓடையோரமாக நடந்துபோய்க் குழாயைக் கண்டுபிடித்தார். தொழிற்சாலை கழிவுக்குத் தனிக் குளம் வெட்ட வேண்டியதாயிற்று. ஏரி மெல்லத் தெளிந்தது. நான் வரைந்த மாடிப்படிக் கோடு போலவே பாஸ்பரஸ் இறங்கியது, கொஞ்சம் தாமதமாக. தெளிந்ததும் பங்களாக்களின் விலை ஏறியது. மாட்டுக் கம்பத்து நிலத்தில் இரண்டாம் கட்டம் எழும்பியது. என் பழியில் நன்றாகச் சம்பாதித்தவன் அந்த நிறுவனக்காரன்தான். இதை நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். யோசித்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

அந்தக் கூட்டம் முடிந்த அன்று நேராக அம்மாவிடம் போனேன். எங்களைக் குடியேற்றியது ஒரு மலிவுவிலை அடுக்குமாடியின் மேல் மாடியில். அம்மாவுக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. மத்தியானக் கறவை நேரமானால் கையைப் பிசைந்துகொண்டு வராந்தாவில் நடப்பாள். அந்த நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தேன். உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். அம்மாவுக்கு மாடலும் தெரியாது, பாஸ்பரஸும் தெரியாது. ஆனால் மாட்டுப் பொங்கலை ஒருவன் வருஷம் முழுக்க ஓடவிட்டான் என்றதும் புரிந்துவிட்டது. செகாலி என்ற இடம் வந்தபோது தொடையைத் தட்டிச் சிரித்தாள். லோரி போன நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

“அவன் மூஞ்சி எப்படிப் போச்சு?”

“காது வரைக்கும் செவந்து போச்சும்மா.”

“கீழ விழுந்தத எடுத்தியா நீ?”

“எடுக்கல.”

“நல்லது பண்ணின.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரித்த கண்ணீர்தான். பிறகு கேட்டாள்: “அப்ப, தப்பு நடந்து போச்சு, மாட்டக் கொண்டாந்து கட்டிக்கங்கன்னு சொன்னாங்களா?”

“இல்லம்மா. அத யாரும் பேசல.”

அம்மா கீழே கார் நிற்கிற இடத்தை எட்டிப் பார்த்தாள்.

“அப்ப பத்தல” என்றாள்.

அவள் கால்களை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, “சரி, மொதல்லருந்து சொல்லு. அவன் கார்ல வந்து எறங்கறதுலருந்து சொல்லு” என்றாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அப்போதும் பத்தவில்லை.